குச்சவெளிக்கு இரண்டாவது ஆள்

இதை எழுதுவதற்காக முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். குலசிங்கம் சேரை வாலிப வயதிலிருந்து அறிந்தவர்களும், கூட்டுறவுச் சங்கத்தில் அவரோடு வேலை செய்தவர்களும், அவருடைய உறவினர்களும் இந்த மலரை வாசிக்கப் போகிறீர்கள். நான் அவரை அறிந்தது நாங்கள் வேலை செய்த பயிற்சி நிலையத்திலும் பஸ்ஸிலும் மட்டும்தான். கூட்டங்களில் என் குரலைக் கேட்டவர்கள் உங்களில் அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று அச்சிடுகிறோம், நீரும் ஒரு பக்கம் எழுதித் தாரும் என்று அவருடைய மனைவி கேட்டபோது மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு பக்கம் என்றுதான் தொடங்கினேன். அதைத் தாண்டிவிட்டது. அதற்கும் மன்னிக்க வேண்டும்.

செய்தி வந்தபோது நான் பஸ் நிலையத்தில் அவருக்காகக் காத்து நின்றேன். நாங்கள் இருவரும் அன்று குச்சவெளிக்குப் போக வேண்டும். வழக்கத்தில் அவர்தான் முதலில் வருவார். கடல் தெரியாத பக்கத்து இருக்கையில் துவாயைப் போட்டு எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பார். கடல் பக்கம் காலை வெயில் முகத்தில் அடிக்கும் என்பது அவருடைய கணக்கு. அன்று துவாயும் இல்லை, ஆளும் இல்லை.

"என்ன மிஸ், சேர் வரேல்லையோ? இண்டைக்கு நீங்களோ சீற் பிடிக்கிறது?" என்று கண்டக்டர் கேலியாகக் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் சேருடைய மைத்துனர் சைக்கிளில் வந்தார். இறங்காமல் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "பிள்ளை, அத்தானைப் பாத்துக்கொண்டோ நிக்கிறீர்? இனிப் பாக்காதேயும்," என்றார். "விடிய எழும்பி முகம் கழுவினவர். வெளிக்கிடப் போறன் எண்டு கதிரையில இருந்தவர். அவ்வளவுதான்."

பஸ் புறப்படுவதற்காக உறுமிக்கொண்டிருந்தது. நான் கண்டக்டரிடம், குச்சவெளியில் சுகந்தி என்ற பிள்ளை எங்களுக்காகக் காத்திருப்பாள், அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"என்னெண்டு சொல்ல?"

அதற்கும் அவரே வழி சொன்னார். "சேர் போயிட்டார் எண்டு மட்டும் சொல்லுறன். மிச்சத்தை நீங்கள் வந்து சொல்லுங்கோ."

அந்த மிச்சத்தைப் பற்றித்தான் இதில் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் எங்கள் வேலையை விளக்க வேண்டும்.

எங்கள் நிலையம் இளம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரு பாடநெறி நடத்துகிறது. அவர்கள் தாங்களாக ஒரு தொழிலை யோசிக்க வேண்டும். யோசித்ததைச் சிறிய அளவில் செய்து பார்க்க வேண்டும். ஆட்கள் அதை உண்மையில் வாங்குகிறார்களா, வாங்காவிட்டால் ஏன் வாங்கவில்லை என்று கண்டுபிடித்துத் திட்டத்தை மாற்ற வேண்டும். கடைசியில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அது புள்ளி. தேறியவர்களுக்குத் தொழிலுக்கு வேண்டிய அடுப்போ பாத்திரமோ கருவியோ நிலையம் கொடுக்கும். அதோடு வீதிகளில் இராணுவச் சோதனைச் சாவடிகளில் காட்டக்கூடிய ஒரு கடிதமும் கொடுக்கும். இந்தக் காலத்தில் அந்தக் கடிதத்துக்காகவே படிக்க வந்தவர்கள் உண்டு. சேரும் நானும் அந்த இரண்டு மதிப்பீட்டாளர்கள்.

எனக்கு இந்த வேலை கிடைத்தபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். சல்லி என்ற கிராமத்தில் கரைவலை இழுக்கும் என் அப்பா, "ஆருக்குச் சோதினை வைக்கிறாய்?" என்று கேட்டார். தொழில் தொடங்குகிறவர்களுக்கு என்றேன். "நீ என்ன தொழில் தொடங்கினனி?" என்றார். இதை ஒரு நாள் பஸ்ஸில் சேரிடம் சொன்னேன். அவர் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். "உங்கட அப்பா கேட்டது சரியான கேள்வி. நானும் ஒண்டும் தொடங்கினதில்லை, பிள்ளை. தொடங்கியிருந்தா இப்ப ஏன் இந்த பஸ்ஸில வாறன்?"

மாணவர்கள் முன்னால் என்னை அவர் மிஸ் என்பார். பஸ்ஸில் ஏறியதும் பிள்ளை என்பார். இரண்டையும் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

நிலையத்தில் இருந்து பார்த்தால் உள்துறைமுகம் தெரியும். அதனால்தானோ என்னவோ, வருகிற திட்டங்கள் எல்லாம் ஒரே வசனத்தில் தொடங்கும்: திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகும். முறுக்குச் சுடுகிறவரும் அப்படித்தான் தொடங்குவார், தையற்காரரும் அப்படித்தான். சேர் முதலில் அந்த வசனத்தை வெட்டுவார். "இந்தத் துறைமுகம் உம்மட்ட முறுக்கு வாங்குமோ? அதுக்குள்ள ஒரு தோணி விட ஏலாது எங்களால. வாங்கிற ஆளை எழுதும்."

ஒருமுறை கொழும்பிலிருந்து தலைமை அலுவலகத்தார் ஒருவர் வந்திருந்தார். தம்பலகாமத்தில் வாழை வைக்கப் போகும் ஒருவருடைய திட்டத்தைப் புரட்டியபோது, ‘உங்கள் போட்டியாளர் யார்?’ என்ற கேள்விக்கு நேரே ‘யானை’ என்று எழுதியிருந்தது. வந்தவர் வாய்விட்டுச் சிரித்து, இதற்கு எப்படி முழுப் புள்ளி போட்டீர்கள் என்று கேட்டார். சேர் சிரிக்கவில்லை. "அவர் சரியாத்தான் எழுதியிருக்கிறார். யானைக்கும் அதே வாழைதான் வேணும். அது முந்தி வரும், காசும் தராது," என்றார்.

அதே தம்பலகாமத்தில் யோகன் என்றொரு மாணவர் இருந்தார். எருமைத் தயிரை நகரத்து வீடுகளுக்குக் கொண்டுவந்து கொடுப்பது அவருடைய யோசனை. நாங்கள் அவருடைய வீட்டுக்குப் போனபோது மிகவும் உற்சாகமாக இருந்தார். நகரத்தில் வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். கேட்ட அத்தனை வீடும் ஓம், வாங்குவோம் என்று சொல்லியிருக்கிறது.

சேர் கேட்டார். "எத்தினை வீட்டில தேத்தண்ணி குடிச்சனீர்?"

"எல்லா வீட்டிலயும் சேர். இருந்து குடிச்சிட்டுப் போம் எண்டவை."

"அப்ப நீர் தயிரைச் சோதிக்கேல்ல. ஊராக்களின்ர மரியாதையைச் சோதிச்சிருக்கிறீர். அது நல்லாத்தான் இருக்கு, எனக்குத் தெரியும்."

எங்கள் ஆட்களைப் பற்றி அவர் கண்டுபிடித்த முக்கியமான விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். வாசல் படலைக்கு வந்து ஒரு பிள்ளை ஒன்றைக் கேட்டால் ஏலாது என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது. இருக்கச் சொல்வார்கள், தேநீர் கொடுப்பார்கள், ஓம் என்பார்கள். பிள்ளை சந்தோஷமாக வந்து எழுதும். தொழில் தொடங்கியதும் ஒருவரும் வாங்க மாட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த புள்ளித்திட்டத்தில் எத்தனை பேர் ஓம் என்றார்கள் என்று எழுத இடம் இருந்தது. சேர் அதைப் பார்ப்பதேயில்லை. எவர் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏலாது எண்டு சொன்னது ஆர்?" என்பதுதான். ஒருவரும் சொல்லவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.

யோகன் அன்று எங்களிடம் ஒரு வரைபடத்தைத் தந்தார். நகரத் தெருக்கள், துறைமுகத்துக்குப் போகும் வீதி, அதன் இரு பக்கத்து வீடுகள், ஒவ்வொரு வீட்டையும் சுற்றி ஒரு வட்டம். வாடிக்கையாளர் இருக்கும் இடத்தை வரைந்து காட்ட வேண்டும் என்பது புள்ளித்திட்டத்தில் இருந்தது. அவர் அழகாக வரைந்திருந்தார். நான் அதை மடித்துப் பைக்குள் வைத்தேன். நானும் யோசிக்கவில்லை, சேரும் யோசிக்கவில்லை. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்துகொண்டு அதை யோசிக்காமல் விட்டது எப்படி என்று பிறகு பலமுறை கேட்டுக்கொண்டோம்.

திரும்பி வரும் வழியில் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைப் பார்த்தார்கள். வரைபடத்தை விரித்த சிப்பாய் துறைமுக வீதியிலும் வட்டங்களிலும் விரலை வைத்துப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். பஸ் போய்விட்டது. என்னை நிறுத்திவைத்துக்கொண்டு சேரைப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. சங்கத்தில் இருந்த காலத்தில் பழகிய சிங்களத்தில், அந்தப் பிள்ளை என்னோடு வந்தது, அதை விட்டுவிட்டுப் போக ஏலாது என்று சொல்லி மணலில் உட்கார்ந்துகொண்டார். பின்னேரம் வரை இருந்தோம். குடிக்கத் தண்ணீர் கேட்கவும் பயம்.

கடைசியில் அதிகாரி வரைபடத்தோடு வந்து, இந்த வட்டங்கள் என்ன என்று கேட்டார்.

தயிர் வாங்குவோம் என்று சொன்ன வீடுகள் என்றார் சேர்.

எல்லா வீடுமா?

"அதைத்தான் மல்லி, நானும் நம்பேல்ல," என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

அதிகாரி வரைபடத்தை வைத்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார். வீதியில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோதே சேர் முடிவெடுத்துவிட்டார். "இண்டையில இருந்து படத்துக்குப் புள்ளியில்லை, பிள்ளை," என்றார். "பெடியள் நடந்து காட்டட்டும். நாங்களும் கூட நடப்பம். ரெண்டு பேரும்."

அப்படித்தான் ஆயிற்று. யோகன் முன்னே சைக்கிளை உருட்டிக்கொண்டு போக, நாங்கள் பின்னால் நகரத்து ஒழுங்கைகளில் நடந்தோம். சேர் அவருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். வாங்குவோம் என்று சொல்கிற வீட்டில், நாளைக்குத் தயிர் ஊற்றித் தர உங்கள் சட்டியை இப்போதே தாருங்கள் என்று கேட்க வேண்டும். ஓம் என்று சொல்வது சுலபம். தன் வீட்டுச் சட்டியைத் தூக்கி ஒரு புது ஆளிடம் கொடுக்க யாருக்கும் மனம் வராது, உண்மையில் தயிர் வேண்டுமென்றால் தவிர. அன்று பல வீடுகளில், "சட்டி ஒண்டும் கையில இல்லைத் தம்பி, பிறகு ஒரு நாளைக்கு வாருமன்," என்றார்கள். கொஞ்சம் சட்டிகள்தான் சேர்ந்தன. யோகனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. சேர் அவருக்கு நல்ல புள்ளி போட்டார். "இண்டைக்குத்தான் உமக்கு வாடிக்கைக்காரர் கிடைச்சிருக்கினம். மற்றாக்கள் விருந்து தந்தவை," என்றார். யோகன் இப்போதும் தயிர் கொண்டுவருகிறார். சட்டி கொடுத்த வீடுகளோடு இன்னும் சில சேர்ந்திருக்கின்றன.

சுகந்தியின் கதைக்கு வருகிறேன்.

சுகந்தி குச்சவெளியைச் சேர்ந்தவள். கடலுக்குப் போகும் நேரத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு அவளுடைய தகப்பன் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டார். வீட்டில் அவள்தான் மூத்தவள். நாங்கள் முதல் தடவை போனபோது அவள் எங்களை வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் நேரே வீதிச் சாவடிக்கு அழைத்துப் போனாள். பஸ்ஸில் வருகிறவர்கள் அங்கே இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். விடியுமுன்பே வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள், சாப்பிடாதவர்கள். அந்த வரிசைக்குத் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் கொண்டுபோய் விற்பதுதான் அவளுடைய தொழில். கூடையைத் திறந்து சிறிது நேரத்தில் அது காலியாகிவிட்டது.

வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம் சேர் பேச்சுக் கொடுத்தார். அவர் சொன்னார். "முந்தி கடைக்குப் போனா வரிசையில இடம் போயிடும் எண்டு பசியோட நிண்டனாங்கள். இவ வரிசைக்கே கொண்டுவாறா. சம்பல்தான் கொஞ்சம் உறைப்பு. என்ர பல்லில்லாத வாய்க்கு அது பரவாயில்லை."

சேர் சுகந்தியிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஏலாது என்று சொன்னது யார்?

"கண்டக்டர், சேர். பஸ்ஸுக்குள்ள சம்பல் மணக்குதாம். ஆக்களை ரொட்டியோட ஏத்த ஏலாது எண்டு நிண்டவர்."

"பிறகு?"

"பிறகு அவருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு ரொட்டி குடுத்தனான்."

"காசுக்கோ?"

"சும்மா."

"அப்ப அது வியாபாரமில்லை, லஞ்சம்."

"ஓம் சேர். அதைச் செலவுக்குள்ள போட்டிருக்கிறன்."

நான் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பினேன். சேரும் தன் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்து அடுத்ததைக் கேட்டார்.

"இந்தச் சாவடியை எடுத்தா உம்மட தொழில் என்ன ஆகும்?"

சுகந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எடுத்தா நல்லதுதானே, சேர்."

சேர் புள்ளித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

பிறகு அவளுடைய வீட்டுக்குப் போனோம். தாய் ஓடிவந்து இரண்டு கதிரை போட்டார். நான் உட்காரப் போனேன். சேர் கண்ணால் தடுத்தார். இதைப் பற்றி முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறார். "கதிரையில இருந்தா தேத்தண்ணி வரும், தேத்தண்ணி வந்தா புள்ளி ஏறும்." கேள்விகள் முடியும்வரை அவர் எந்த வீட்டிலும் உட்கார மாட்டார். முடிந்த பிறகு உட்கார்ந்து ஒன்றுக்கு இரண்டாகத் தேநீர் வாங்கிக் குடிப்பார். அன்று நாங்கள் முற்றத்தில் நின்றபடியே இருக்க, தாய் குசினி வாசலில் நின்று எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார். "பாஸாகினா இஞ்ச நிக்கட்டும் எண்டு தகப்பன் சொல்லுறார். இல்லாட்டி சவூதிக்கு வீட்டு வேலைக்குத்தான். பாஸ்போட் எடுத்து வச்சாச்சு. ஏஜென்சிக்காரர் வந்து வந்து போறார்." சுகந்தி தாயைப் பார்த்து, "அதையேன் இப்ப இவையிட்டச் சொல்லுறீங்கள்?" என்று கோபப்பட்டாள். அன்று சேர் தேநீர் குடிக்காமலே வந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அவரோடு நான் எதிர்த்துப் பேசிய ஒரே நாள் அதுதான். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், திட்டத்தை மாற்றத் தெரிகிறது, செலவை மறைக்காமல் எழுதியிருக்கிறாள், இன்றே புள்ளி போடுவோம் என்றேன்.

"தொழில் நிலைச்சு நிக்குமோ எண்டதுக்கு ஒரு புள்ளியிருக்கு, பிள்ளை. இந்தத் தொழில் நிலைக்கக் கூடாது எண்டுதான் நீங்களும் கும்பிடுறீங்கள், நானும் கும்பிடுறன். பிறகெப்பிடி நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அதுக்குப் புள்ளி போடுறது?"

"சாவடி இப்போதைக்குப் போகாது, சேர்."

"அதை எழுத்தில போட்டு என்னட்டத் தருவீங்களோ?"

பிறகு அவரே தணிந்து சொன்னார். "நீங்கள் அவவுக்கு இரங்கிறீங்கள். நானும்தான் இரங்கிறன். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில இரங்கக் கூடாது. அதுக்குத்தான் ரெண்டு பேரை அனுப்புறது."

சாவடி இல்லாத ஒரு இடத்தில் மறுபடி செய்து பார்க்கும்படி அவளுக்குச் சொல்லியனுப்பினார். அதுவரை புள்ளி இல்லை. எனக்கு அவர்மேல் கோபம். அவளுடைய பாஸ்போட் அலுமாரிக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எப்படி இவரால் பொறுத்திருக்க முடிகிறது என்று நினைத்தேன். இதை இங்கே எழுதுவது அவரைக் குறை சொல்ல இல்லை. அவர் எல்லோருக்கும் இனியவராக இருந்தார் என்று மற்றவர்கள் எழுதுவீர்கள். அவர் இனியவராக இல்லாத ஒரு நாளும் இருந்தது, அந்த நாளில் அவர் மிகவும் களைத்துப் போயிருந்தார் என்பதையும் யாராவது எழுத வேண்டும்.

சில நாட்களில் கண்டக்டர் வழியாகச் சுகந்தியின் சேதி வந்தது. தாய்மார் குழந்தைகளோடு வரும் கிளினிக்கைத் தெரிவு செய்திருக்கிறாள். "சண்டை நிண்டாலும் பிள்ளை பிறக்கும்தானே எண்டு சேரிட்டச் சொல்லட்டாம்," என்று கண்டக்டர் ஒப்புவித்தார். அடுத்த சேதி, முதல் கிழமை ஒருவரும் வாங்கவில்லை என்று வந்தது. பால் கொடுக்கிற தாய்மார் சம்பலைத் தொடவேயில்லை. மூன்றாவது சேதியில் ரொட்டியை விட்டுவிட்டு இலைக்கஞ்சி காய்ச்சுவதாகச் சொல்லியிருந்தாள். ஒருவரும் வாங்கவில்லை என்ற சேதி வந்த அன்று சேர் நிலையத்தில் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பாத்தீங்களோ, இப்பதான் சோதினை தொடங்கியிருக்கு," என்றார். அன்று அவரிடம் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு காணவில்லை. அந்தக் கஞ்சியைப் பார்க்கத்தான் நாங்கள் அன்று காலை புறப்பட இருந்தோம்.

செத்தவீடு முடிந்த பிறகு நிலையத்தில் கூட்டம் நடந்தது. சுகந்தியின் விஷயமும் வந்தது. எல்லோரும் நல்ல மனதோடுதான் பேசினார்கள். ஒருவர், சேருடைய நினைவாக அந்தப் பிள்ளைக்குப் புள்ளியைப் போட்டுவிடுவோம் என்றார். இன்னொருவர், பாதை இருக்கிற நிலையில் இனி ஒருவரையும் அனுப்ப ஏலாது, பிள்ளையை இங்கே கூப்பிட்டு அறையில் வைத்துக் கேட்போம், இனி எல்லோருக்கும் அப்படியே செய்வோம் என்றார். சேர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று என்னிடம் கேட்டார்கள். நான் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முடிவெடுக்காமல் கூட்டம் கலைந்தது.

தெரியாது என்பது உண்மை. கஞ்சியைக் கண்டிருந்தால் அவர் புள்ளி போட்டிருக்கலாம், போடாமலும் விட்டிருக்கலாம். அவர் காணாத ஒன்றுக்கு அவருடைய பெயரில் நான் புள்ளி சொல்ல ஏலாது. அறையில் வைத்துக் கேட்டால் சுகந்தி நன்றாகவே சொல்வாள். அவளுக்கு வாய் இருக்கிறது. எனக்கு இருப்பதுபோல் கூச்சம் இருக்கிற பிள்ளைகள் அந்த அறையில் என்ன செய்வார்கள் என்பது வேறு கதை.

அடுத்த கிழமை நான் தனியாகக் குச்சவெளிக்குப் போனேன். கண்டக்டர் விட்டுவைத்த மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சுகந்தி கிளினிக் வாசலில் பானையோடு நின்றாள். என்னைக் கண்டதும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "மிஸ், நீங்கள் தனியப் பாத்தாக் காணாதோ?" என்று கேட்டாள்.

"காணாது. ரெண்டு பேர் பாக்க வேணும்."

"அப்ப இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் இஞ்சதான் நிப்பன், இந்த மாசம் முடியுமட்டும்."

மாசம் முடிந்தால் ஏஜென்சிக்காரர் வருவார் என்பதை அவள் சொல்லவில்லை. அவளுடைய தாய் படலையில் வைத்து என்னிடம் சொன்னார். அன்று கிளினிக் வாசலில் யார் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்று நான் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. இதை வாசிக்கிற ஒருவர் அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

சேரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். அவருடைய கேள்விகள் சிலவற்றை நானும் இப்போது கேட்கிறேன், ஆனால் அவர் கேட்டதுபோல் கேட்க வருவதில்லை. உண்மையில் எனக்கு மிஞ்சியிருப்பது, குச்சவெளி பஸ்ஸில் தொடங்கி இன்னும் முடியாமல் இருக்கும் அந்த வாக்குவாதம்தான். நாங்கள் இருவரும் பேசி முடித்திருந்தால் நான் அவரை மறந்தும் போயிருப்பேனோ தெரியாது. இப்போது தனியாக இருந்து இரண்டு பக்கத்தையும் நானே பேசுகிறேன். சில நாள் அவர் வெல்கிறார்.

கூட்டத்தில் வாய் திறந்து கேட்க முடியாமல் போனதைக் கேட்கத்தான் இவ்வளவையும் எழுதினேன். இந்த மலர் நிலையத்தில் உள்ள எல்லோருடைய கைக்கும் வரும். சேரோடு சங்கத்தில் கணக்குப் பார்த்தவர்களின் கைக்கும் வரும். உங்களில் பலருக்கு மதிப்பீட்டாளராக இருக்கத் தகுதி உண்டு. நிலையமும் உங்களை மறுக்காது. சுகந்திக்குப் புள்ளி போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் போட ஏலாது என்று சொன்னாலும் நான் ஏற்றுக்கொள்வேன், அவளும் ஏற்றுக்கொள்வாள். பார்க்காமல் சொல்ல வேண்டாம் என்பதுதான் என் விண்ணப்பம்.

கிளினிக் புதன்கிழமைகளில். பஸ் விடியவே வெளிக்கிடும். சாவடிகளில் இறங்கி நடக்க வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும், திரும்பி வர எந்த நேரமாகும் என்று என்னால் சொல்ல முடியாது. மாசம் முடிய இன்னும் ஒரு புதன்கிழமைதான் இருக்கிறது. யாராவது ஒருவர் என்னோடு வாருங்கள்.